மலைத்தொடர் என்று போட்டிருந்த படம்

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒருவர் படம் வரைவதற்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. வரைந்ததை நாலு பேர் பார்க்கட்டும் என்று இணையத்தில் போடுவதற்கும் தடையில்லை. அவர் அங்கேயும் போய் இன்ஸ்பெக்டராகவே உட்கார்ந்துகொண்டதில்தான் வம்பு ஆரம்பித்தது.

‘சுவர்’ என்பது அந்தத் தளத்தின் பெயர். பென்சில் பிடிக்கத் தெரிந்தவர்களும், பிடிக்கத் தெரியாவிட்டாலும் விடத் தெரியாதவர்களும் தாங்கள் வரைந்ததை அங்கே மாட்டிவைப்பார்கள். மாட்டும்போது படத்துக்குக் கீழே சில குறிச்சொற்கள் போடலாம். பின்னால் யாராவது தேடினால் அந்தச் சொல்லை வைத்துத்தான் படம் அகப்படும். எளிமையான ஏற்பாடு. ஆனால் எளிமையான எதையும் கலைஞர்கள் கையில் கொடுக்கக் கூடாது. வாளியை வரைந்தவர் ‘தாகம்’ என்று போட்டார். கொடியில் காயும் துணியை வரைந்தவர் ‘காலம், ஏக்கம், விடுதலை’ என்று போட்டார். ‘பூனை’ என்று தேடினால் தாடி வைத்த ஒருவரின் முகம் வந்தது. கேட்டதற்கு, தன் ஆன்மா ஒரு பூனை என்றார். உண்மையிலேயே பூனைகளை மட்டும் வரைகிற அம்மாள் ஒருவர் இருந்தார். அவர் எல்லாப் படத்துக்கும் ‘செல்லம்’ என்று போட்டிருந்ததால், பூனை தேடியவன் எவன் கண்ணிலும் அவர் பட்டதே இல்லை.

இன்ஸ்பெக்டருக்கு இது பொறுக்கவில்லை. அவர் தளத்தின் பொதுப்பக்கத்தில் எழுதினார்: “லிஃப்டுக்குள் ‘ஆறு பேர்’ என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் ‘மனிதகுலம்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் ஏறுவீர்களா?”

பதில் இல்லாத கேள்வி கேட்டவரைப் பிடித்துப் பொறுப்பில் உட்காரவைப்பது எல்லாச் சங்கங்களுக்கும் உள்ள வழக்கம். அவரைக் குறிச்சொல் ஒழுங்கின் பொறுப்பாளராக்கினார்கள். அவர் விதிகள் எழுதினார். முதல் விதி: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போடு. இரண்டாவது, பழைய படங்களின் குறிச்சொற்களை மாற்ற வேண்டுமானால் மூன்று உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். வரைந்தவர் அந்த மூவரில் ஒருவராக இருக்கக் கூடாது. இது அவர் தொழிலிலிருந்து கொண்டுவந்தது. லிஃப்டைப் பொருத்தியவனே அதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட முடியாது அல்லவா?

ஒழுங்கு வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாளி தேடியவனுக்கு வாளி கிடைத்தது. பூனை வரைகிற அம்மாள் ‘பூனை’ என்று போட்ட வாரமே புகழின் உச்சிக்குப் போய், ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் ‘பூனையக்கா’ ஆனார். இன்ஸ்பெக்டர் தரையில் நடப்பதைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் சர்க்கரை டப்பாவை எடுத்துக் காட்டி, “பார், இதுல ‘இனிமை’ன்னா எழுதியிருக்கு?” என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டார்.

கேட்டது மனைவியிடம். அவள் நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுப்பவள். குளத்திலும் தெருவிலும் அவளுக்குக் கோச் என்று பெயர். வீட்டிலும் அப்படியே நிலைத்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் இருப்பவனுக்கும் கேட்கும் குரல். அவள் துண்டு காயும் நாற்காலியில் எப்போதும் குளோரின் வாசனை இருக்கும்.

“என்ன எழுதியிருந்தா என்ன? உப்பு டப்பாவுல ‘உப்பு’ன்னு எழுதியிருந்தும் நேத்து அதை எடுத்து டீயில போட்டீங்க” என்றாள் கோச்.

இந்த நிலையில்தான் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மச்சான் வந்தான். கோச்சின் தம்பி. கீழ்த்தளத்தில் குடியிருந்தான். அக்கா வீட்டு வைஃபையும் அக்கா வீட்டு டீயும் தன் பிறப்புரிமை என்று நினைப்பவன். கடையில் கார் ஹாரன் விற்கும் வேலை, அதற்கேற்ற பேச்சு. சாப்பாட்டு மேஜையில் மாமாவின் லேப்டாப் திறந்திருந்தது.

“மாமா, உங்க சட்டம் சூப்பரா வேலை செய்யுதே! இங்க பாருக்கா. ‘கத்தரிக்கோல்’னு போட்டா கத்தரிக்கோல். ‘குடை’ன்னா குடை. ‘மனைவி’ன்னு போடட்டுமா?”

போட்டான். பக்கம் பக்கமாக மனைவிகள் வந்தார்கள். ஜன்னலருகே உட்கார்ந்த மனைவி, ஊசியில் நூல் கோக்கும் மனைவி, கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுப் பேப்பர் படிக்கும் மனைவி. தாடிக்காரர்கூடத் தன் மனைவியை வரைந்திருந்தார். ஆன்மா பூனையாக இருந்தும் அந்தம்மாள் அவரோடு குடித்தனம் நடத்துவது முகத்தில் தெரிந்தது.

கோச் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். “நம்மாளு போட்டது எது?”

மச்சான் மாமாவின் பெயரையும் சேர்த்துத் தேடினான். திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இந்தக் கலைஞரிடம் அப்படி எதுவும் இல்லை’ என்றது.

மச்சான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“டார்ச் லைட் வரைஞ்சிருக்கீங்க” என்றாள் கோச். குரல் வழக்கமான உயரத்தில் இல்லை. “நம்ம வீட்டு ஃபேன் இருக்கு. என் செருப்புகூட இருக்கு, நான் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவைகூட வரையணும்னு தோணலையா உங்களுக்கு?”

“வரைஞ்சிருக்கேன்.”

“எங்க?”

“அதுல இருக்கு.”

“அதுலதான் இல்லைங்குதே.”

இன்ஸ்பெக்டர் எச்சில் விழுங்கினார். பழுதான லிஃப்டின் முன்னால் கட்டிடச் சொந்தக்காரர்கள் இப்படி விழுங்குவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ஒரு படத்தைத் திறந்தார். ‘மலைத்தொடர், அதிகாலை, மூடுபனி’ என்பவை அதன் குறிச்சொற்கள்.

சுவரில் அவர் மாட்டியதிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். கரியால் வரைந்தது. இடது ஓரத்தில் ஒரு பெரிய சிகரம், அங்கிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் சரிவு, மறுபடி ஒரு குன்று, பிறகு தேய்ந்து தேய்ந்து தூரத்தில் கரையும் முகடுகள். அடிவாரத்தில் பனி. சிகரத்துக்கும் மேலே ஒற்றை மரம். அந்த மரம் எந்த உயரத்தில் வளரும் மரம் என்று கீழே இரண்டு பேர் சண்டைகூடப் போட்டிருந்தார்கள். மலையேறும் சங்கம் ஒன்று அனுமதி கேட்டு வாங்கி, அதைத் தன் டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொண்டிருந்தது.

“இது மலை” என்றாள் கோச்.

“இல்ல. நீ.”

அவள் குனிந்தாள்.

“நீ ஒருக்களிச்சுத் தூங்கிட்டிருந்தே. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். இது தோள்பட்டை. இது இடுப்பு. அங்க கடைசியில தெரியறது கால்.”

“இந்தப் பனி?”

“போர்வை.”

“மரம்?”

“கிளிப். தலையில போட்டிருந்தியே, அது.”

மச்சான் சிரிப்பை அடக்கப் பார்த்து, டீ மூக்கில் ஏறி, எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “மாமா! ஒரு சங்கமே எங்கக்காவை மாட்டிக்கிட்டு மலை ஏறிட்டிருக்கு!”

“நீ வாயை மூடுடா” என்றாள் கோச். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோள் அவளுடையதுதான். அவ்வளவு அகலமான தோளை அவள் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. துணிக்கடைகளில் அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறாள். அது இங்கே அழகாக இருந்தது. அதனால்தான் அடுத்த கேள்வி கோபமாக வந்தது. “அப்புறம் ஏன் மலைன்னு போட்டீங்க?”

இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் சுவரில் பெரிய மனிதர் ஒருவர் இருந்தார், இப்போதும் இருக்கிறார். சாம்பல் நிறத்தில் ஒரு முழுப் பலகையைப் பூசி ‘சூனியம்’ என்று மாட்டியவர். மச்சான் அவருக்கு வைத்த பெயர் ஞானி. யாரோ ஒருவன் தன் மனைவியின் முகத்தை வரைந்து மாட்டியபோது, ‘குடும்ப ஆல்பத்துக்கு வீட்டில் பீரோ இல்லையா?’ என்று அதன் கீழே எழுதினார் ஞானி. எல்லோரும் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டரும் தட்டினார். மறுவாரம் இந்தப் படத்தை ஒரு சொல்லும் போடாமல் மாட்டினார். ‘மலையா இது, அற்புதம்!’ என்று ஒருவர் கேட்டார். ஞானியே வந்து பாராட்டினார். இன்ஸ்பெக்டர் ஆமாம் என்று சொல்லி மலைக்கான குறிச்சொற்களையும் போட்டுவிட்டார், அதற்குப் பிறகு அது மலையாகவே இருந்துவிட்டது.

“மாத்துங்க” என்றாள் கோச்.

“அது... என்னால முடியாது. வரைஞ்சவன் மாத்தக் கூடாது. வேற மூணு பேரு சம்மதிக்கணும்.”

“எந்த மடையன் போட்ட சட்டம் அது?”

இன்ஸ்பெக்டர் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார்.

மச்சானிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. “ரொம்ப சிம்பிள் மாமா. நான் ஒரு ஆளு. அக்கா ஒரு ஆளு. மாடி வீட்டுக்காரரை ஒரு டீ குடுத்து உள்ள சேர்த்துவிட்டா மூணு. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.”

“நானே போய், நான் இவருக்கு மனைவின்னு ஓட்டுப் போட்டுக்கணுமா?” என்றாள் கோச்.

“சரி, அதைத் தூக்கிட்டுப் புதுசா ஒண்ணு வரைஞ்சு போடச் சொல்லு. இப்பவே உட்காருக்கா, நல்ல வெளிச்சம்.”

“கேட்டு வாங்கற படம் வேணாம். அன்னைக்கு யாரும் கேட்காம வரைஞ்சாரு. அதுதான் வேணும். அது அங்கேயே இருக்கணும். அதுல என் பேரு இல்லாட்டியும் பரவால்ல, நான் அவருக்கு யாருன்னாவது இருக்கணும்.”

இன்ஸ்பெக்டர் அன்றே விண்ணப்பித்தார்: இந்தப் படத்துக்கு ‘மனைவி’ என்ற குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். காரணம் என்று ஒரு பத்தி எழுதினார். அலுவலகத்தில் எழுதியே பழகிய கை. ‘மேற்படி படத்தின் இடதுபுறச் சரிவானது மனித உடலின் கிடைமட்ட நிலைக்கு ஒத்திருப்பதைக் கருத்தில் கொண்டு’ என்று போனது அது. தோளுக்குப் பின்னாலிருந்து படித்த கோச், “என்னது, லிஃப்ட் ஏன் நின்னு போச்சுன்னு ரிப்போர்ட்டா?” என்று கேட்டுவிட்டுக் குளத்துக்குக் கிளம்பினாள்.

சுவர் கலகலத்தது. ஒருவரும் சம்மதிக்கவில்லை. ‘தம்பி, நான் கண்ணாடி போட்டும் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன். மலைதான் தெரியுது’ என்று எழுதினார் பூனையக்கா. மலையேறும் சங்கத்தின் செயலாளர், தாங்கள் அந்த மலையை நேரில் தேடிப் போவதாகவே ஒரு திட்டம் இருப்பதாகவும், உறுப்பினர்கள் முன்பணம் கட்டிவிட்டதாகவும் தெரிவித்தார். தாடிக்காரருக்குப் பழைய கணக்கு பாக்கி இருந்தது. ‘என் ஆன்மா பூனை என்றபோது கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டீர்களே, இப்போது சொல்லுங்கள் ஐயா’ என்று கேட்டு, பக்கத்தில் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டார்.

கடைசியில் ஞானி எழுந்தருளினார். அவர் சுருக்கமாக எழுதுவதில்லை. மனைவி என்பது ஓர் உறவு, உறவு என்பது காட்சிக்கு அப்பாற்பட்டது, அப்பாற்பட்டதைப் போடக் கூடாது என்பது பொறுப்பாளரே எழுதிய முதல் விதி, ஆகவே விண்ணப்பம் விண்ணப்பதாரராலேயே நிராகரிக்கப்பட்டிருக்கிறது என்று, நிறைய வளைவுகளுக்குப் பிறகு நிறுத்தினார். இதில் எரிச்சலூட்டிய விஷயம், அவர் சொன்னது சரி என்பதுதான்.

இன்ஸ்பெக்டர் பதில் எழுதினார். பதிலுக்குப் பதில் வந்தது. அவர் சரிவின் கோணத்தை அளந்து போட்டார். செயலாளர் வேறொரு மலையின் கோணத்தை அளந்து போட்டார், ஒத்துப்போனது.

இதையெல்லாம் கோச் கேட்பதை நிறுத்திவிட்டாள். குளத்திலிருந்து வந்தாள், துண்டை நாற்காலியில் போட்டாள், சாப்பிட்டாள், மின்கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டாள். “இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா, அந்தச் செயலாளர்...” என்று அவர் ஆரம்பித்தபோது, “விடுங்க. மலையாவே இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கத்தியிருந்தால் இன்ஸ்பெக்டர் பயந்திருக்க மாட்டார். அவள் கத்தலுக்குள்ளே குடியிருந்து பழகியவர். இந்த மெதுவான குரல்தான் அவரை என்னமோ செய்தது. கயிறு அறுபடுவதற்கு முன்னால் லிஃப்டும் சத்தம் போடாது.

மறுநாள் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், இயந்திர அறைக்குள் நின்றிருந்தார். கிரீஸ் வாசனை. கப்பி சுற்றி நின்றது. கீழே உதவியாள் லிஃப்ட் பெட்டிக்குள் எடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான், அது முடியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இன்ஸ்பெக்டர் ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தார். மேற்படி என்று தொடங்கி அழித்தார். கருத்தில் கொண்டு என்பதையும் அழித்தார். பிறகு எழுதினார்:

‘இது மலை இல்லை. என் மனைவி மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது வரைந்தது. மனைவியை வரைந்தால் கேலி செய்வீர்கள் என்று பயந்தேன். ஒருவர் மலையா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மலையைப் பாராட்டினீர்கள், வாங்கிக்கொண்டேன். அந்தப் பாராட்டு அவளுக்குச் சேர வேண்டியது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போடு என்று உங்களுக்கெல்லாம் சொன்னேன். அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது அவள்தான். பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். அவளைச் சேர்த்துவிடுங்கள்.’

அனுப்பிவிட்டுக் கப்பிக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். ஏற்கெனவே ஒருமுறை பார்த்ததுதான்.

கீழே இறங்கும்போது பூனையக்கா வந்துவிட்டிருந்தார். ‘அட ஆமா தம்பி! தோள் தெரியுது. இப்ப மலை எங்க போச்சுன்னு தேடறேன், கிடைக்கவே மாட்டேங்குது. சம்மதம்.’

செயலாளரிடமிருந்து வந்த பதிலில் ஓர் அலுவலகத் தோரணை இருந்தாலும் அடியில் ஈரம் தெரிந்தது. ‘எங்கள் பயணம் ரத்து செய்யப்படுகிறது. முன்பணம் திருப்பித் தரப்படும். எங்களோடு எத்தனையோ உச்சிகளுக்கு வந்த சகோதரிக்குச் சங்கத்தின் வணக்கம். டி-ஷர்ட்டை இனிமேல் அடித்துத் துவைக்க மாட்டோம். மலை என்ற சொல்லையும் எடுத்துவிடாமல் வைத்திருந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். சம்மதம்.’

மூன்றாவது சம்மதத்துக்காக இன்ஸ்பெக்டர் அடுத்த இரண்டு கட்டிடங்களிலும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு லிஃப்டைப் பரிசோதித்து முடித்துவிட்டுப் படியிறங்கி வந்தார் என்பதை அவர் உதவியாள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.

அது சாயங்காலம் வந்தது. ஞானியிடமிருந்து, ஒரே சொல்லில். அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே சிறிய கட்டுரை ‘சம்மதம்’ என்பதாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து ஞானி தன் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் போட்டார். ‘சூனியம்’ படத்துக்கு மூன்று சொற்கள் சேர்க்க வேண்டுமாம்: ‘அப்பா, சட்டை, முதுகு’. காரணம் என்ற இடத்தில், சின்ன வயதில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது தனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். எல்லோரும் போய் அந்தச் சாம்பல் பலகையைத் திரும்பப் பார்த்தார்கள். நடுவில் ஒரு தையல் இறங்கியது. இத்தனை நாள் அதைத் தூரிகைப் பிசிறு என்று நினைத்திருந்தார்கள். மூன்று பேர் போதும் என்ற இடத்தில் முப்பது பேர் சம்மதித்தார்கள். தாடிக்காரரும் அதில் ஒருவர்.

அப்புறம் மடை உடைந்தது. யாரோ ஒருவரின் ‘பாலைவனம்’ தன் அண்ணனின் வழுக்கை என்று தெரியவந்தது. ‘புயலுக்கு முந்தைய வானம்’ வரைந்தவர், அது பரீட்சை முடிவு வந்த அன்று தன் அம்மாவின் முகம், ரொம்பக் கிட்டத்தில், என்று ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு குடும்பமே நிலமும் நீருமாக ஒளிந்துகொண்டிருந்தது அந்தச் சுவரில். விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஆளில்லை. பொறுப்பாளரின் ராஜினாமாவை ஏற்க முடியாது என்றும், உடனே வந்து உட்காரும்படியும் செய்தி வந்தது.

இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். மச்சான் அங்கே ஏற்கெனவே டீயோடு நின்றிருந்தான்.

“தேடிப் பாரு” என்றார் மனைவியிடம்.

“என்னத்தை?”

“நீயே தேடு.”

கோச் ஈரக்கையை ஆடையில் துடைத்துவிட்டு, அவர் பெயரையும் ‘மனைவி’ என்பதையும் ஒற்றை விரலால் தட்டினாள். படம் வந்தது. கீழே மலைத்தொடர் இருந்தது, மூடுபனி இருந்தது, அவற்றுக்கு முன்னால் மனைவி இருந்தாள். அவர் எழுதியதும் அங்கேயே இருந்தது. அதை முதலிலிருந்து படித்தாள். படித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

“அதிகாலைன்னு ஒண்ணு இருந்துச்சே மாமா?” என்றான் மச்சான்.

“அதை எடுத்தாச்சு. அது மத்தியானம்.”

கோச் அவர் பெயரை அழித்துவிட்டு, எல்லோருடைய மனைவிகளுக்கும் நடுவில் தன்னைப் பார்த்தாள். “எல்லாரும் ஜம்முனு உட்கார்ந்து போஸ் குடுத்திருக்காங்க. நான் ஒருத்திதான் இழுத்துப் போத்திக்கிட்டு...”

“தூங்கும்போது மட்டுந்தானே நீ அசையாம இருப்பே!”

அவள் சிரித்தாள். குரல் பழைய உயரத்துக்கு வந்திருந்தது. மாடி வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.

“எவ்வளவு நேரம் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க?”

“நீ எழுந்திரிக்கற வரைக்கும்.”

அவள் புருவத்தைச் சுருக்கி, கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“நான் மத்தியானம் கிளிப்பைக்கூடக் கழட்டாம தூங்கிப்போனது ஒரே ஒரு நாள்தானே? அன்னைக்குத்தான் நான் நாலு மணி பேட்சுக்கு லேட்டாப் போய் சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நாலு வரைக்கும் பக்கத்துலேயே முழிச்சு உட்கார்ந்திருந்தீங்களா? எழுப்பிவிட வேண்டியதுதானே!”

“அப்ப கால் இன்னும் வரைஞ்சு முடிக்கல” என்றார் இன்ஸ்பெக்டர்.